வெண்கலத்தின் பெட்டி

பழைய தையல் இயந்திரங்களை வாங்கிப் பழுதுபார்த்து விற்கிற அந்தக் கம்பெனியில் அவளைப் பூனை என்றுதான் கூப்பிடுவார்கள். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று பயந்தவள் மாதிரி, தலையாட்டியே இத்தனை வருஷத்தையும் ஓட்டிவிட்டாள். பக்கத்து மேசைக்காரி அதற்கு நேர் எதிர். அவள் பேசினால் வாசலில் சரக்கு இறக்குகிறவன் திரும்பிப் பார்ப்பான். அவளுக்கு வெண்கலம் என்று பெயர். வைத்தவன் யாரோ, காது நொந்து வைத்திருக்க வேண்டும். பூனை மட்டும் அவளை அக்கா என்று கூப்பிட்டாள். இரண்டு பேருக்கும் சேர்த்து அக்காவே பேசிவிடுவாள் என்பதால் சிநேகத்துக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

வெளிநாட்டில் ஒரு வாடிக்கையாளர் இருந்தார். வெயில் கொளுத்துகிற, கட்டுப்பாடு மிகுந்த நாடு. அவருடைய தையல் கூடத்தில் பெண்கள் மட்டும்தான். ஆண் மெக்கானிக் கதவுக்கு வெளியே நிற்கலாம், உள்ளே காலெடுத்து வைக்க முடியாது. அதனால் சட்டைக்குப் பொத்தான் துளை போடுகிற காஜா இயந்திரங்களைச் சரிபார்த்துக் கொடுக்க அவ்வப்போது வெண்கலம் போய்வருவாள். போனால் நாலு நாள். அங்கே வெயில் மேலே இருந்து அடிக்காது, தரையிலிருந்து ஏறும் என்பாள். கழுத்து முதல் கணுக்கால் வரை மூட வேண்டும், தலையை மறைக்க வேண்டும், தெருவில் வாய்விட்டுச் சிரிக்கக் கூடாது.

"கூடத்து வாசல் வரைக்கும் என் தொண்டைக்கு லீவுடி. உள்ள போய்க் கதவைச் சாத்திட்டா அப்புறம் நான் நான்தான்" என்று சொல்லி, விட்ட லீவையெல்லாம் இங்கே வந்து சிரித்துத் தீர்ப்பாள்.

அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. திரும்பி வந்த மறுநாளே துணிகளைத் துவைத்துக் காயவைத்து, அடுத்த பயணத்துக்குப் பெட்டியை அடுக்கிப் பூட்டிவிடுவாள். காலிப் பெட்டியைப் பார்த்தால் இனிமேல் யாரும் தன்னைக் கூப்பிட மாட்டார்கள் என்று தோன்றுமாம்.

மழை தொடங்கிய வாரத்தில் ஒரு மதியம், கை கழுவப் போனவள் குழாயடியிலேயே சரிந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. அவ்வளவு பேசியவள் சொல்லாமல் கொள்ளாமல் போனதைத்தான் பூனையால் தாங்க முடியவில்லை. அதன்பிறகு அந்த மேசையில் ஒருவரையும் உட்கார வைக்கவில்லை. இயந்திரம் ஓடும்போது சில நேரம் அந்தப் பக்கத்திலிருந்து "அடியே" என்று கேட்கும். பூனை திரும்பிப் பார்க்காமலே தலையாட்டுவாள். ஆட்டிய பிறகுதான் உடம்பு சில்லிடும்.

வெயில் ஏறத் தொடங்கியதும் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். காஜா இயந்திரங்கள் நின்றுபோய்விட்டனவாம், நாலு நாள் போய்வர வேண்டுமாம்.

"உனக்குன்னே செஞ்ச நாடும்மா அது. பொம்பளை சத்தமா பேசக் கூடாதும்பாங்க. நீதான் பேசவே மாட்டியே" என்று சொல்லி அவரே சிரித்தார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். முழங்கை தெரியக் கூடாது, மெல்லிய துணி ஆகாது, ஆண்கள் எதிரே வந்தால் கை நீட்டக் கூடாது, மாத்திரை எடுத்துப்போனால் டாக்டர் சீட்டும் கூடவே இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கடைசியில், மேசைமேல் இருந்த பேனாவை நகர்த்தியபடி இன்னொன்றும் சொன்னார்.

"வெண்கலம் போனதை நாம அங்க சொல்லல. புது ஆளுன்னா பயப்படுவாங்க. கேட்டா லீவுல இருக்காங்கன்னு சொல்லிடு."

அந்தப் பழைய மாடலுக்கான கருவிகள் ஒரே ஒரு செட்தான் இருந்தது. அது வெண்கலத்தின் பெட்டிக்குள் இருந்தது. அவள் வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும் பொறுப்பும் பூனையின் தலையில் விழுந்தது.

அவர் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர். பிள்ளைகள் இல்லை. பூனைக்கு அவர் மாமா. கதவைத் திறந்தவர், உள்ளே வரச்சொல்லிவிட்டு வழியை மறைத்துக்கொண்டு நின்றார். அவர் தோளுக்குப் பின்னால், கூடத்தில் சுவரோரமாக, அந்த அரக்கு நிறப் பெட்டி நிமிர்ந்து நின்றது. கைப்பிடியை உயர்த்தியே வைத்திருந்தார்கள், இப்போதே யாரோ இழுத்துக்கொண்டு கிளம்பப் போவது போல. பெட்டியைச் சுற்றித்தான் தரை பெருக்கப்பட்டிருந்தது. அடியில் தூசி ஒரு கோடாகப் படிந்திருந்தது.

வந்த காரியத்தை அவள் பாதி சொன்னாள், மீதியை அவரே புரிந்துகொண்டார். கம்பெனிக்குப் பணத்துக்கா பஞ்சம், புதுசு வரவழைக்கட்டும் என்றார். அது வந்து சேர மாதக்கணக்கில் ஆகும் என்றாள். ஆகட்டுமே என்றார். பெட்டியைப் பார்க்காமல், அது இருந்த பக்கம் கையை மட்டும் காட்டினார்.

"திறந்தா அவ மடிச்சது போயிடும்மா. அப்புறம் அதை யார் மடிக்கிறது?"

பூனை தலையாட்டினாள். அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு படியில் இறங்கிவிட்டாள். இரண்டாவது படியில் நின்றாள். அவள் வாழ்க்கையில், கேட்காமல் தானாகப் பேசிய வாக்கியங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒன்று இது.

"மாமா, அதுக்குள்ள ஒரு மூக்குக் கண்ணாடி இருக்கு. அது நம்மளுது இல்ல."

அவர் புரியாமல் பார்த்தார். அவள் மெல்ல மெல்லச் சொன்னாள். அந்தத் தையல் கூடத்தில் எல்லோருக்கும் மூத்த ஒரு அம்மா இருக்கிறாள், பொத்தான் வைக்கிறவள். நம் பேச்சு தெரிந்தவள். கண் மங்கிப்போய் ஊசியில் நூல் கோக்கச் சிரமப்படுகிறாள். விஷயம் முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று அக்காவிடம் மட்டும் சொன்னாளாம். அடுத்த தடவை வரும்போது கண்ணாடியோடு வருகிறேன் என்று அக்கா வாக்குக் கொடுத்தாள். கடைக்குப் போனபோது பூனையும் கூடப் போயிருந்தாள். வாங்கிய கையோடு அக்கா அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டியும் விட்டாள்.

மாமா நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். பிறகு கேட்டார்.

"அங்க யாருக்கும் தெரியாது, இல்ல?"

"தெரியாது மாமா."

"அப்போ அங்க அவ இருக்கா."

அவர் குரலில் இருந்தது துக்கம் இல்லை. தொலைந்த பொருள் இன்ன இடத்தில் இருக்கிறது என்று தகவல் கிடைத்தவர் குரல் அது. அவர் எழுந்து போய் சாவியை எடுத்துவந்தார். பெட்டியை அப்படியே கொண்டுபோகச் சொன்னார், அப்படியே திரும்பக் கொண்டுவரச் சொன்னார். அங்கே யாரிடமும் எதுவும் சொல்லிவிடக் கூடாது என்றார். போகிற அன்றைக்கு இந்தத் தெரு வழியாகப் போனால் பெட்டியை ஒரு தடவை பார்த்துக்கொள்வேன் என்றார். ஆட்டியே பழகிய தலை, அதற்கும் ஆடிவிட்டது.

வீட்டில் கட்டில்மேல் வைத்துப் பெட்டியைத் திறந்தபோது முதலில் வெளியே வந்தது வாசனை. பவுடரும், இயந்திர எண்ணெயும், நன்றாக வெயிலில் காய்ந்த பருத்தியும் கலந்த வாசனை. அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் இப்படித்தான் இருக்கும். துணிகளை அவள் மடிக்கவில்லை, பாய் சுருட்டுவது போல இறுக்கிச் சுருட்டி வரிசையாக நிறுத்தியிருந்தாள். தட்டையான செருப்புக்குள் காலுறைகள். ஒரு காலுறைக்குள் கண்ணாடி, கூட்டோடு. அதற்கு அடியில் கூடத்துப் பெண்களுக்குத் தலைக்கு மாட்டும் கிளிப்புகள். நடுவில் கருவிகள், தடித்த துணியில் சுற்றி நாடாவால் கட்டியிருந்தது. நாடாவில் ஒற்றை முடிச்சு. இழுத்தால் அவிழ்ந்துவிடும் முடிச்சைக் கூட அவளால் இழுக்க முடியவில்லை.

தன்னுடைய துணிகளையும் மேலே வைத்து எடை பார்த்தாள். முள் அளவைத் தாண்டியது. அக்கா எடையைத் துல்லியமாகக் கணக்குப் பண்ணித்தான் அடுக்கியிருந்தாள், இன்னொருத்திக்கு இடம் விடவில்லை. பூனை தன்னுடைய துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். முள் இறங்கி, பழைய இடத்துக்கு வந்தபோது, அவளுடையது என்று உள்ளே எதுவுமே மிஞ்சவில்லை.

பயணத்துக்குப் போடும் அந்த நீள அங்கியை மட்டும் பிரித்து அணிந்து பார்த்தாள். அக்கா உயரம். அங்கி தரையில் இரண்டு விரல் புரண்டது. ஊசியும் நூலும் எடுத்தாள், மாமாவின் முகம் நினைவுக்கு வந்தது, திருப்பி வைத்துவிட்டாள். முன்பக்கத்தைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டால் போதும் என்று நடந்து பார்த்தாள். மூன்றாவது எட்டில் அவளுக்கே தெரிந்தது, படியேறும்போது அக்கா இப்படித்தான் தூக்கிப் பிடிப்பாள், இதே இடது கையால். தலைத்துணியைச் சுற்றினாள். துணியில் ஊசி குத்திக் குத்தித் தேய்ந்த இடம் ஒன்று இருந்தது. குண்டூசி தானாக அங்கே போய் உட்கார்ந்தது.

பூனையின் வீட்டுக்காரன் லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிந்து வந்தவன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். கையில் இருந்த சாவிக்கொத்து கீழே விழுந்தது.

"ஒரு சத்தம் போட்டுட்டு நிக்கக் கூடாதா? அவங்கதான்னு நினைச்சுட்டேன்." குனிந்து சாவியை எடுத்தபோது பழைய குறும்பைக் கொஞ்சம் வரவழைத்துக்கொண்டான். "ஏத்தி இறக்குறது என் தொழில். நீ கூடு விட்டுக் கூடு பாயக் கிளம்பிட்டியா? நாலு நாள் கழிச்சுத் திரும்பி வர்றது யாருன்னு இப்பவே சொல்லிடும்மா."

அவள் சிரிக்கவில்லை. அவனும் அதற்குமேல் சிரிக்கவில்லை.

கிளம்பிய அன்று காலையில் வாடகைக் கார் மாமாவின் தெருவுக்குள் திரும்பியது. பூனை அக்காவின் அங்கியை இடது கையால் தூக்கிப் பிடித்தபடி இறங்கினாள். அவர் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு கதவருகே நின்றிருந்தார். பெட்டியை இறக்கச்சொல்லி, அதன் தலையில் இரண்டு தட்டுத் தட்டினார். பூட்டை இழுத்துப் பார்த்தார். பிறகு, அவள் முகத்தைப் பார்க்காமல், பெட்டியைப் பார்த்தபடியே கேட்டார்.

"நாலு நாள்தானே?"

ஒவ்வொரு தடவையும் அவர் கேட்கிற கேள்வி அது. அக்காவை வழியனுப்பும் சாக்கில் பூனையும் பல தடவை இங்கே நின்று கேட்டிருக்கிறாள். அதற்கான பதிலையும் தெருவே கேட்டிருக்கிறது.

"நாலே நாள். அடுப்பை அணைச்சுட்டுப் படுங்க, நான் வர்றப்போ வீடு இருக்கணும்."

சொன்னது தான்தான் என்று உணர அவளுக்கு ஒரு கணம் பிடித்தது. குரல் அவளுடையது இல்லை. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, கணீர் என்று எதிர்ச்சுவரில் மோதித் திரும்பியது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. மாமா நிமிர்ந்தார். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. விளக்குப் போட்டது போல, முழுசாக, சந்தேகமே இல்லாத சந்தோஷம். அதைப் பார்த்துத்தான் அவள் நடுங்கிப்போனாள். நாலு நாள் கழித்து இந்தக் கதவைத் தட்டும்போது அவர் யாரை எதிர்பார்த்துத் திறப்பார்? அடுத்த பயணத்துக்கு? அதற்கடுத்ததற்கு?

தூக்கிப் பிடித்திருந்த அங்கியை விட்டாள். அது தரையில் புரண்டது.

"மாமா, நான் அங்க சொல்லிடப் போறேன்." இது அவளுடைய குரல். தேய்ந்து, கடைசி எழுத்து காற்றில் போய்விட்டது. "கண்ணாடியை வாங்கிக்கிட்டு அந்தம்மா எனக்குப் பின்னாடி எட்டிப் பார்ப்பாங்க, அக்கா வராங்களான்னு. அப்போ லீவுல இருக்காங்கன்னு என்னால சொல்ல முடியாது."

அவர் முகத்திலிருந்த வெளிச்சம் உடனே போகவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது. கதவின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நேரமாகிறது என்று ஓட்டுநர் காரின் பக்கக் கண்ணாடியில் பார்த்துச் செருமினார். மாமா பெட்டியைத் தூக்கினார். ஓட்டுநர் உதவிக்கு வந்தபோது வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, தானே காரின் பின்புறம் வைத்து மூடினார். மூடிய கையை எடுக்காமல் நின்றார்.

"சொல்றதுன்னா சத்தமா சொல்லு. அங்க மெஷின் ஓடிட்டே இருக்கும்னு சொல்லுவா. நீ இப்படிச் சொன்னா யாருக்கும் கேக்காது."

கார் முனை திரும்புகிற வரைக்கும் அவர் கதவருகே நின்றது தெரிந்தது. பூனை முன்னால் திரும்பி உட்கார்ந்தாள். பின்னால் பெட்டி லேசாக உருண்டு, இருக்கையின் முதுகில் வந்து முட்டியது. தோளைத் தொட்டுக் கூப்பிடுவது போல இருந்தது. அவள் திரும்பவில்லை, தலையாட்டவும் இல்லை.

வாயைத் திறந்து சொல்லிப் பார்த்தாள். அவளுக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னாள். ஓடிக்கொண்டிருந்த ரேடியோவுக்கு மேல் அது எழும்பவில்லை.

"என்னம்மா சொன்னீங்க?" என்றார் ஓட்டுநர்.

"எங்க அக்கா செத்துப்போயிட்டாங்க" என்றாள், மூன்றாவது தடவையாக.

அவர் ரேடியோவை நிறுத்தினார்.