இறாலுக்கு மினரல், எனக்கு இருட்டு

செவிலியர் பிரஷர் பட்டையை இறுக்கியபோது என் வலது கை தானாக நகர்ந்தது. கட்டைவிரல் உள்ளே மடங்கியது. மற்ற விரல்கள் விறைத்து ஒன்றாகக் குவிந்தன. பிரிக்கப் பார்த்தேன், கை கேட்கவில்லை. வேறு யாருடைய கையையோ என் தோளில் மாட்டிவிட்டதுபோல் இருந்தது.

அதற்கு முன்பே சில நாட்களாக உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல் மரத்துப்போயிருந்தது. பனிக்காற்று என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அன்று தொண்டையும் இறுகி மூச்சு விசிலடிக்கவே, மனைவி செல்வி என்னைக் காரைக்கால் ஆஸ்பத்திரிக்கு இழுத்து வந்தாள்.

போலகம் பக்கம் ஓர் இறால் பண்ணையில் எனக்குப் பல வருடமாக இரவு வேலை. இறால் பெரும்பாலும் இரவில்தான் சட்டை உரிக்கும். புது ஓடு கெட்டிப்பட, குளத்தில் மூட்டை மூட்டையாக மினரல் போடுவோம். குறைந்தால் இறால் வளைந்து விறைத்துவிடும், நிமிர்த்த முடியாது. என் கையைப் பார்த்ததும் அதுதான் ஞாபகம் வந்தது. பயத்தில் சிரித்துவிட்டேன்.

டெட்டனி (ரத்தத்தில் தாது குறைந்து தசை இறுகுவது) என்றார் டாக்டர். கால்சியம், மெக்னீசியம் இரண்டுமே குறைவு.

“பகல்ல எப்படித் தூங்குவீங்க?”

“ஜன்னல்ல கருப்புத் துணி கட்டிட்டுங்க.”

“அதான் வெயிலே படல, வைட்டமின் டி சுத்தமா இல்ல. ராத்திரி பூரா விளக்கு வெளிச்சத்துல இருந்தா மெலட்டோனினும் (இருட்டில் மூளை சுரக்கும் தூக்க ஹார்மோன்) சரியாச் சுரக்காது. எலும்புல தாது சேர்றதுல அதுக்கும் பங்கு இருக்கும்ங்கிறாங்க, இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு. ராத்திரி வேலைய விட்டுடுங்க. அடுத்த தடவ தொண்டை முழுசாப் பூட்டிக்கிட்டா, இங்க வந்து சேர்ற வரைக்கும் தாங்காது.”

“இறாலுக்கு மட்டும் பாத்துப் பாத்துப் போட்டீங்க,” என்றாள் செல்வி. அழுதுகொண்டேதான் திட்டினாள்.

கால்சியம் நரம்பு வழியாக மெதுவாக ஏறியது. விரல்கள் ஒவ்வொன்றாக என்னிடம் திரும்பி வந்தன.

உதடு மரத்தால் என்னைப்போல் தைலத்தை நம்பாதீர்கள், ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மெலட்டோனின் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

பகல் வேலைக்கு மாறினேன். வீட்டில் முழு இருட்டில் படுத்த முதல் இரவு, கண்ணை மூடினேன், திறந்தால் வெயில். நடுவில் இருந்த இரவைக் காணோம். செல்வியை உலுக்கிக் கேட்டேன்.

“ராத்திரி நான் எங்க இருந்தேன்?”

“இங்கதாங்க. அசையாம கெடந்தீங்க.”

இப்போது ரத்தத்தில் தாது சரியாகிவிட்டது. நான் இல்லாத அந்த நேரத்தில் என் எலும்புக்குள் என்னென்னவோ வேலை நடக்கிறது. விளக்கை அணைக்கும்போது நன்றி சொல்லத் தோன்றுகிறது. யாருக்கென்று தெரியாமல் செல்வியின் கையைப் பிடித்துக்கொள்கிறேன்.