முத்து எண்ணும் அருள்மேரி

முட்டையின் மழுங்கிய முனையை விளக்குப் பெட்டியின் துளையில் வைத்து, கட்டைவிரலால் அரைச் சுற்று சுற்றுகிறார். ஓட்டுக்குள் செம்மஞ்சள் வெளிச்சம் பரவுகிறது. அதில் வேர்போலக் கிளைத்த இரத்தக் குழாய்கள், நடுவில் ஒரு கரும்புள்ளி. புள்ளி துள்ளுகிறது. "உசுரு கீது" என்று சொல்லிவிட்டு, குழாய் ஓடாத இடமாகப் பார்த்துப் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போடுகிறார். அடுத்த முட்டை. அரைச் சுற்று. "உசுரு கீது." அதற்கடுத்ததை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு முறை சுற்றிப் பார்க்கிறார். "இது பூடுச்சு." அது இடப்பக்கக் கூடைக்குப் போகிறது. ஒரு தட்டுக்கு முப்பத்தாறு முட்டை. காலையில் ஐந்து தட்டு.

அருள்மேரிக்கு நாற்பத்தொன்பது வயது. சேலையூரில் கேம்ப் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தின் கோடியில் கோழிநோய் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கிறது. அதில் முட்டை அறை அவருடையது. நான் அங்கே தட்டச்சு செய்கிறவன். என் மேசை அந்த அறைக் கதவுக்கு நேர் எதிரே. நான்கு வருடமாக, அலுவலகத்தில் என் காதில் விழும் முதல் வார்த்தை "உசுரு கீது"தான்.

அவருடைய இடது தோள் உயராது. தைலம் தடவி, அதன்மேல் கைக்குட்டையை மடித்து வைத்து ரவிக்கையோடு பின் குத்தியிருப்பார். பல்லாவரத்திலிருந்து வரும் மின்ரயிலில் மேலே தொங்கும் பிடியை எட்டமுடியாததால், நெரிசலுக்கு நடுவில் போய் நின்றுகொள்வார். "கூட்டமே புடிச்சுக்கும் தம்பி. வுழ வுடாது." வீட்டில் கணவர் எலியேசர் இருக்கிறார். குரோம்பேட்டையில் தோல் பதனிடும் இடத்தில் இருபது வருடம் உழைத்து, இருமலோடு வீட்டில் உட்கார்ந்துவிட்டவர். அவருக்குக் கஞ்சி வைத்து மூடிவிட்டு ஆறரை வண்டியைப் பிடிக்கிறார் அருள்மேரி. மாலை திரும்பும்போது தாம்பரம் மார்க்கெட்டில் காய் வாங்குவார். எலுமிச்சையோ தக்காளியோ, எதை எடுத்தாலும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து அரைச் சுற்று சுற்றிப் பார்ப்பார். "இன்னாக்கா, எலுமிச்சம்பயத்துல குஞ்சு கீதான்னு பாக்குறியா?" என்று கடைக்காரர் ஒருநாள் கேட்டாராம். "இருந்தா சொல்றேன், போடு" என்றாராம் இவர்.

இங்கே வருவதற்குமுன் ஒன்பது வருடம் பெருங்களத்தூர்ப் பக்கம் ஒரு குஞ்சுப் பண்ணையில் இருந்தார். அங்கே இருபத்தொன்றாம் நாள் வரை முட்டையைக் காப்பாற்றிக் குஞ்சாக வெளியே எடுப்பது வேலை. இங்கேயும் அதே முட்டை, அதே விளக்கு. ஆனால் இங்கே வரும் எந்த முட்டையும் குஞ்சாவதில்லை. இதைப் பற்றி அவர் ஒரே ஒரு தடவைதான் என்னிடம் பேசினார். "அங்க எடுத்து வுட்டதுக்கு இங்க கணக்கு நேராவுது போல" என்றார். சிரிக்கவில்லை.

நிலையத்தில் நடந்துகொண்டிருந்த பெரிய வேலை, கோழி அம்மை வைரஸுக்கு வரைபடம் போடுவது. அந்த வைரஸின் மரபுச் சங்கிலி மிக நீளமானது. அதில் எந்தப் பகுதி இல்லாவிட்டால் வைரஸ் செத்துவிடும், எது இல்லாவிட்டாலும் பிழைத்துக்கொள்ளும் என்று கண்டுபிடிக்கவேண்டும். பிழைத்துக்கொள்ளும் என்றால் அந்த இடத்தை வெட்டிவிட்டு, வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான தடுப்புத் துண்டை அங்கே ஒட்டலாம். ஒரு ஊசியில் இரண்டு நோய்க்கும் காப்பு. டாக்டர் லக்ஷ்மிநாராயணன் சங்கிலியின் ஒரு பகுதியை முப்பத்தொரு துண்டாகப் பிரித்திருந்தார். அவருடைய ஆராய்ச்சி மாணவி சித்திகா ஒவ்வொரு துண்டாக நீக்கி, மிச்சமுள்ள வைரஸைக் குப்பியில் போட்டு முட்டை அறைக்கு அனுப்புவாள். இதை எனக்குப் புரியவைத்தது டாக்டர் இல்லை, அருள்மேரி. "ஒரு வூட்ல ஒவ்வொரு தூணா எடுத்துப் பாக்குறாங்க தம்பி. வூடு வுழுந்தா அது முக்கியமான தூணு. வுழலைன்னா அது சும்மா நின்னுகினு இருந்த தூணு."

வீடு விழுந்ததா என்று பார்த்துச் சொல்வது அவர்தான். பதினொரு நாள் ஆன முட்டையில் துளை போட்டு, ஓட்டுக்கு அடியில் உள்ள சவ்வின்மேல் குப்பியில் வந்த வைரஸைச் சொட்டவிட்டு, மெழுகால் அடைத்து, இன்குபேட்டரில் வைப்பார். ஐந்தாம் நாள் எடுத்து, இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் வைப்பார். அதில் கரு அடங்கிவிடும். மறுநாள் ஓட்டை வெட்டி, சவ்வைச் சாமணத்தால் உரித்து, உப்புநீரில் அலசிக் கறுப்புத் தட்டில் விரிப்பார். வைரஸ் உயிரோடிருந்தால் சவ்வில் வெள்ளை வெள்ளையாகக் கொப்புளம் தெரியும். அம்மை போட்ட உடம்பில் சொல்வதுபோல அதை முத்து என்றுதான் சொல்வார். ஊசிமுனையால் தொட்டுத் தொட்டு எண்ணி, நோட்டில் கூட்டல் குறி போட்டு எண்ணிக்கையை எழுதுவார். முத்தே இல்லையென்றால் கழித்தல் குறி.

தொண்ணூற்றிரண்டாம் வருடம் ஐப்பசியில் படம் முடிந்துவிட்டது. முப்பத்தொன்றில் ஒன்பது துண்டுகள் இன்றியமையாதவை. படத்தில் அவை கறுப்புக் கட்டங்கள், மற்றவை வெள்ளை. கட்டுரை நாற்பத்துமூன்று பக்கம். நான்தான் அடித்தேன். வெளிநாட்டுப் பத்திரிகையின் விலாசத்தை உறையில் அடித்ததும் நான்தான். சித்திகாவின் ஆய்வேடும் பாதிக்குமேல் அடித்தாகிவிட்டது. கறுப்புக் கட்டங்களில் ஒன்றான பதினேழாம் துண்டை மட்டும் மூன்றாவது தடவையாக ஒருமுறை சரிபார்க்கவேண்டியிருந்தது. எட்டு முட்டை.

கார்த்திகை பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி மூன்று நாள் ரயில் ஓடவில்லை. கேம்ப் ரோட்டில் முழங்கால் ஆழம். புதன்கிழமை எடுக்கவேண்டிய எட்டு முட்டையும் ஜெனரேட்டர் புண்ணியத்தில் கதகதப்பாக இன்குபேட்டரிலேயே இருந்தன. சனிக்கிழமை அருள்மேரி நடந்தே வந்துவிட்டார். பல்லாவரத்திலிருந்து. புடவை இடுப்புவரை நனைந்திருந்தது. அன்றைக்கு நிலையத்தில் காவலாளியை விட்டால் நாங்கள் இரண்டு பேர்தான்.

நாள் தவறிய முட்டையை உடைக்காமல் எரிப்பு உலையில் போட்டுவிடவேண்டும். அதுதான் விதி. நான் என் மேசையில் காகிதம் நனையாமல் ஒதுக்கிக்கொண்டிருந்தேன். பகல் முழுக்க முட்டையைக் குளிரில் வைத்தவர், நாலு மணிவாக்கில் கூப்பிட்டார்.

"தம்பி, கண்ணாடிய போட்டுகினு இங்க வா."

எட்டுத் தட்டு வரிசையாக இருந்தன. எனக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. தட்டைச் சற்றே சாய்த்துக் காட்டினார். சவ்வு முழுக்கப் பொடிப்பொடியாக, கசகசா தூவியதுபோல.

"இது பதினேழுதானேக்கா? அதுல ஒண்ணும் வராதே?"

"அஞ்சாம் நாள் வரல. இது எட்டாம் நாள்."

எனக்கு நாற்பத்துமூன்று பக்கமும் கண்முன் வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். "எரிச்சுடுங்கக்கா. நாள் தப்பின முட்டை கணக்குல வராதுன்னு டாக்டரே சொல்லியிருக்காருல்ல. ஏன் உடைச்சீங்க?" என்றேன்.

"அதை சாவடிச்சிட்டு, இன்னான்னுகூட பாக்காம எறிஞ்சா எப்டி?" என்றார். முக்காலியில் உட்கார்ந்து ஈரப் புடவையைப் பிழிந்தார். அவர் கணக்குப் போட்டது எனக்குத் தெரிந்தது. ஒன்பது கறுப்புக் கட்டம். ஒன்று தப்பென்றால் ஒன்பதையும் திரும்பப் பார்க்கவேண்டும், எட்டு நாள் வைத்து. பதினொன்றும் எட்டும் பத்தொன்பது. பண்ணையில் இருந்தவருக்குப் பத்தொன்பதாம் நாள் முட்டைக்குள் என்ன இருக்கும் என்று யாரும் சொல்லவேண்டாம். சிறகு முளைத்திருக்கும். அலகு இருக்கும். காதருகே வைத்தால் கத்துவது கேட்கும்.

"அதுல ஒண்ணு கண்ணத் தொறந்து பாத்தாப்ல கீது தம்பி" என்றார் கடைசியாக. தட்டுகளை மூடிக் குளிர்பெட்டியில் அடுக்கிவிட்டு, மறுபடியும் தண்ணீரில் இறங்கிப் போனார்.

திங்கட்கிழமை டாக்டர் வந்ததும் தட்டுகளை அவர் மேசையிலேயே கொண்டுபோய் வைத்தார்.

டாக்டர் பார்த்தார், பூதக்கண்ணாடி எடுத்துப் பார்த்தார். "கன்டாமினேஷன். வெட்டாத மூல வைரஸ் எங்கேயோ கலந்துடுத்து. தூக்கிப் போடுங்கோ."

"மூலமா இருந்தா அஞ்சு நாள்லயே கொத்தமல்லி சைசுக்கு வந்திருக்கும் சார். இது எட்டு நாளாச்சி, இன்னும் கசகசா. எட்டு முட்டையிலயும் கசகசா. ஒண்ணுலகூட கொத்தமல்லி இல்ல."

"உங்களுக்குப் புரியலை, அருள்மேரி. கட்டுரை நாளைக்குப் போறது."

"புரியுது சார். வூடு வுழல. சாஞ்சுகினு நிக்குது. நாமதான் சீக்கிரமா பாத்துட்டுப் பூட்டோம்."

சித்திகா கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். "அக்கா, ரெண்டு தடவையும் மைனஸ்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க?"

"ஆமா பாப்பா. அன்னிக்கி அதுல ஒண்ணும் இல்ல. இல்லாததை இல்லன்னுதான் எழுதினேன். இன்னிக்கி கீது."

சித்திகா அன்றைக்கு நாலரை பஸ்ஸுக்கே போய்விட்டாள். அவளுக்கு அது நாலாவது வருடம். மறுநாள் எனக்கு முன்பே வந்து, கசகசா முத்துகளைச் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தாள். அதிலிருந்து வைரஸைப் பிரித்து, மரபுப் பொருளை எடுத்து, மின்சாரம் பாய்ச்சிப் பட்டைபட்டையாகப் பார்க்க மூன்று வாரமானது. பதினேழாம் துண்டு இருக்கவேண்டிய இடத்தில் பட்டை இல்லை. கலப்படம் இல்லை. அந்தத் துண்டு இல்லாமலேயே வைரஸ் பிழைத்திருந்தது, நொண்டி நொண்டி.

டாக்டர் அந்தப் பட்டைகளின் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என் மேசைக்கு வந்து, இதுவரை அனுப்பாமல் வைத்திருந்த உறையை வாங்கிக்கொண்டார். முட்டை அறைப் பக்கம் பார்த்து, "ஒரு ரெண்டு மாசம் கழிச்சு மழை பெஞ்சிருக்கப்படாதா" என்றார். கோபம் இல்லை. களைப்புதான்.

ஒன்பது துண்டையும் எட்டு நாள் வைத்துத் திரும்பப் பார்க்கப் பதினோரு மாதம் ஆனது. நான்கு கறுப்புக் கட்டங்கள் வெள்ளையாயின. ஐந்து கறுப்பாகவே நின்றன. இதற்குள் வேறொரு நாட்டில் யாரோ படத்தின் ஒரு மூலையை முந்திக்கொண்டு வெளியிட்டுவிட்டார்கள். சித்திகாவின் ஆய்வேட்டை முதல் பக்கத்திலிருந்து மறுபடி அடித்தேன். நன்றி சொல்லும் பக்கத்தில் அருள்மேரியின் பெயரை முதலில் போடச் சொன்னாள். கட்டுரையிலும் கடைசி வரியில் பெயர் வந்தது. அச்சில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. காட்டினேன். "யாரோ மாதிரி கீது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அதிலிருந்து நிலையத்தில் எல்லா முட்டைக்கும் எட்டு நாள்தான். இப்போது வேறொரு வைரஸ், அதில் நாற்பது துண்டு. "வாய மூடிகினு இருந்திருக்கலாம் தம்பி. யாரு கேக்கப் போறாங்க? என் தலையில நானே மண்ண வாரிப் போட்டுகினேன்" என்று தோளைத் தேய்த்தபடி சொல்வார். உடைக்காமல் எறியலாமே என்று நான் மறுபடி சொன்னதில்லை. சித்திகா இப்போது ஐதராபாத்தில் வேலையில் இருக்கிறாள். கடிதத்தில், அங்கே ஐந்தாம் நாளே எடுத்துவிடுகிறார்கள் என்றும், தான் சண்டை போட்டுக்கொண்டிருப்பதாகவும் எழுதியிருந்தாள். அதைப் படித்துக் காட்டியபோது மட்டும் முகம் கொஞ்சம் இளகியது. "அய்யோ பாவம், அங்க முட்டை அறையில யாரு கீறாங்களோ" என்றார்.

போன வாரம் ஒரு மாலை, ஏதோ பட்டியல் கேட்க முட்டை அறைக்குப் போனேன். சித்திரை வெயிலில் மூன்று நாளாக எங்கள் நிலையத்துக்கும் லாரித் தண்ணீர்தான். சந்து முழுக்கக் குடங்கள் வரிசையில் நின்றன. அருள்மேரி எட்டாம் நாள் முட்டைத் தட்டு ஒன்றை இரண்டு கையிலும் ஏந்திக் குளிர்பெட்டியின் முன் நின்றிருந்தார். மெலிதாக, தூரத்தில் கேட்பதுபோல, தட்டிலிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது. தட்டை மேசைமேல் வைத்தார். தொட்டிப் பக்கம் போய், குழாயை முழுக்கத் திறந்துவிட்டார். காலித் தொட்டியில் தண்ணீர் தடதடவென்று கொட்டியது. அந்த இரைச்சலில் தட்டைத் தூக்கி உள்ளே வைத்து, கதவைச் சாத்தி, அதன்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர் ஓடிக்கொண்டேயிருந்தது. நான் குழாயை மூடப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.