செல்வியின் ஊதா வெளிச்சத்தைப் பார்க்க வெள்ளிமலை போன கதை

கல்வராயன் மலைக்குப் பலரும் அருவி பார்க்கப் போவார்கள். போன சனிக்கிழமை நான் போனது செல்வியின் சோதனையில் தப்பு கண்டுபிடிக்க.

எம்.எஸ்சி.யில் செல்வி என் பக்கத்து மேசை. இப்போது அந்த மலைமேல் இருக்கும் வெள்ளிமலைப் பள்ளியில் ஆசிரியை. நான் சேலத்தில் ஆராய்ச்சி மாணவி. கண்ணாடிக் குழாயில் நைட்ரஜனை நிரப்பி மின்சாரம் பாய்ச்சினால் ஊதாவாய் ஒளிரும். மின்சாரம் திசை மாறும் வேகத்தை, அதாவது அதிர்வெண்ணைக் கூட்டினால் வெளிச்சமும் கூட வேண்டும். என் குழாயில் எட்டு மாதமாக, அதிர்வெண்ணைக் கூட்டக் கூட்ட வெளிச்சம் குறைந்துகொண்டே போனது. அதே சோதனையைச் செய்து அவள் வாட்ஸாப்பில் அனுப்பிய வரைபடத்தில் கோடு அழகாக ஏறியது. வயிறு எரிந்தது. என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயமே இந்தச் சோதனைதான்.

காலை ரயிலில் 8.40க்கு சின்னசேலம். அங்கிருந்து கள்ளக்குறிச்சிக்குப் பேருந்தில் 35 நிமிடம். 9.50க்கு வெள்ளிமலைக்கு ஷேர் ஜீப், 80 ரூபாய்.

"மலைய சுத்திப் பாக்கவாங்க?" என்றார் ஓட்டுநர்.

"சிநேகிதியப் பாக்க."

"மூஞ்சப் பாத்தா சண்டைக்குப் போற மாரி கீதே!"

11.20க்கு இறங்கினேன். பள்ளியில் அவளுடைய ஆய்வகம் ஓர் அறை, பழைய பம்பு, சின்ன சிலிண்டர். என்னிடம் இருப்பதில் பாதிகூட இல்லை. குழாய் மட்டும் அவ்வளவு அழகாக ஒளிர்ந்தது.

அதிர்வெண்ணை ஒரு படி கூட்டினாள். உடனே குழாயின் இரு முனைகளுக்கும் இடையே வோல்டேஜை அளந்தாள். குறைந்திருந்தது. திருகிப் பழைய அளவுக்குக் கொண்டுவந்த பிறகே வெளிச்சத்தை அளந்தாள். அடுத்த படியிலும் அதேதான்.

"ஒவ்வொரு வாட்டியும் இன்னாத்துக்குடி அளக்கற?" என்றேன். அவளோடு பேசினால் என் வாயிலும் அந்தப் பேச்சு வந்துவிடும்.

"இங்க கரண்டு ஒரு நேரம் ஜாஸ்தி, ஒரு நேரம் கம்மி. அளந்துக்கினே இருந்தாத்தான் ஆச்சு. நீ இன்னா பண்ற?"

என் ஆய்வகத்தில் ஸ்டெபிலைசர் இருக்கிறது. அந்த நம்பிக்கையில் காலையில் ஒருமுறை வோல்டேஜை வைத்துவிட்டு, நாள் முழுக்க அதிர்வெண்ணை மட்டும் திருகுவேன். அதிர்வெண் ஏற ஏற என் டிரான்ஸ்பார்மர் குழாய்க்குத் தரும் வோல்டேஜ் விழுந்துகொண்டிருந்தது. எட்டு மாதமாக நான் அளந்தது அந்தச் சரிவைத்தான்.

கொள்ளும் சோறும் போட்டாள். "உனுக்கு ஒதவுனா என் அளவையும் சேத்துக்கடி" என்றாள். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

போகிறவர்களுக்கு: ஸ்வெட்டர் வேண்டும். மாலை நாலு மணிக்குள் ஜீப் பிடித்துவிடுங்கள். வளைவுகளில் வாந்தி வரும், எலுமிச்சை வைத்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை ஒவ்வொரு படியிலும் வோல்டேஜை அளந்தேன். என் கோடும் ஏறியது. ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் செல்வி பெயரை முதலில் எழுதினேன். பொறாமை போய்விட்டதா என்று கேட்காதீர்கள். அவளுடைய கோடு இன்னும் என்னுடையதைவிட நேராகத்தான் இருக்கிறது.