நாற்பது எச்.பி. மோட்டாரும் பூவம்மாவின் கூடையும்

ராயபுரம் அத்தாவுல்லாவுக்கு நான் அறுபதாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தேன். அவர் பழைய மோட்டார் விற்பவர். நாற்பது எச்.பி. மோட்டார் ஒன்றை என் படகில் பூட்டிவிட்டு, பணத்தைப் பிறகு கொடு என்றார். எழுத்து எதுவும் கேட்கவில்லை. மூன்றாம் வகுப்பைத் தாண்டாத இந்தத் தேசப்பனுக்கு அந்த மதிப்பு உண்டு.

கத்திவாக்கம் உப்பங்கழியில் முதலில் சவாரிப் படகு விட்டவன் நான்தான். துடுப்பில் தொடங்கி மோட்டாருக்கு வந்தேன். யாரும் கற்றுத் தரவில்லை. சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவேன். நாற்பது எச்.பி. வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் என் படகுக்குத்தான் கூட்டம். அதைப் பார்த்து மற்றப் படகுக்காரர்களும் பெரிய மோட்டார் வாங்கினார்கள்.

அதே கழியில்தான் எங்கள் ஊர்ப் பூவம்மாவும் மற்றப் பெண்களும் கையால் இறால் தடவுகிறார்கள். கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து இரண்டு கையாலும் சேற்றைத் துழாவ வேண்டும். அதனால் ஓலைக்கூடையைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். படகின் அலை முகத்தில் அடித்தால் கூடை கவிழும், பிடித்தது எல்லாம் தண்ணீரோடு போகும். பூவம்மா ஊர்க்கூட்டத்தைக் கூட்டச் சொல்லி, கழியில் பத்து எச்.பி.க்கு மேல் கூடாது என்றாள். எனக்குத் தலையில் இடி. பத்தை வைத்துக்கொண்டு அறுபதாயிரத்தை எப்போது அடைப்பது?

கூட்டத்தில் ஒருவர் வேகத்துக்கு மட்டும் அளவு வைக்கலாம் என்றார். வேகத்தை யார் அளப்பது, மோட்டார்மேல் எழுதியிருக்கிற எண்ணைத்தான் கண்ணால் பார்க்க முடியும் என்றார் இன்னொருவர். நான் எழுந்து, பெரிய மோட்டார் குற்றமில்லை, ஓட்டுகிற கையில் அடக்கம் வேண்டும், பாதி வேகத்தில் ஓட்டிக் காட்டுகிறேன் என்றேன். நான் பேசினால் ஊர் கேட்கும். ஒரு ஞாயிறு பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டார்கள்.

அந்த ஞாயிறு ஆட்களை நிறைய ஏற்றிக்கொண்டு பாதி முறுக்கில் போனேன். முழு வேகத்தில் என் படகு தண்ணீர்மேல் எழும்பி வழுக்கிக்கொண்டு ஓடும். பாதி வேகத்தில் எழும்பவில்லை. மூக்கைத் தூக்கி, பின்பக்கம் அமுங்கி, கழியை உழுதுகொண்டு போயிற்று. அப்படி ஓர் அலையை நான் அங்கே எழுப்பியதே இல்லை. தண்ணீரில் இருந்த கூடைகள் எல்லாம் கவிழ்ந்தன.

பூவம்மா வெறுங்கூடையோடு கரையேறி வந்தாள்.

“இன்னா மாமா, நீ ஃபுல்லா வுட்டப்பகூட கொஞ்சம் மிஞ்சும். இன்னிக்கு தொடச்சி வுட்டுட்டியே.”

“வேகத்தை கொறச்சிகினுதான வந்தேன்?”

“நீ கொறச்ச. அலை கொறஞ்சுதா?”

படகில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அடுத்த கூட்டத்தில் பத்து எச்.பி. என்று முடிவாயிற்று. பெண்கள் இறங்கும் இடத்தில் அதுவும் ஆள் நடக்கிற வேகத்தில்தான். நானும் சரி என்றேன். கண்ணால் பார்த்த அலையோடு வாதாடுகிறவன் படகு ஓட்டத் தெரியாதவன்.

ஆனால் மற்றவர்கள் புலம்பிக்கொண்டிருந்தபோதே நான் காசிமேட்டுக்குப் போய், கடலுக்குப் போகிற ஃபைபர் படகுக்காரர் ஒருவரிடம் நாற்பதை நல்ல விலைக்குத் தள்ளிவிட்டேன். பிந்திப் போனவர்களுக்கு விலை இறங்கிவிட்டது. என் கடனுக்கும் ஆயிற்று, பழைய பத்து எச்.பி. ஒன்றுக்கும் ஆயிற்று. வாலிபப் பசங்கள் இப்போது வருவதில்லை. குடும்பமாக வருகிறவர்கள் ஏறுகிறார்கள்.

அத்தாவுல்லா கடையில் என்னைப் பார்த்ததும் கிண்டலை ஆரம்பித்தார்.

“நாப்பதுல பறந்தவன் பத்துல குந்திகினு போறியே நைனா, பேஜாரா இல்ல?”

“பத்தும் நான் ஓட்னா தனியா தெரியும் பாய்.”

அவர் உள்ளங்கையை நீட்டினார். ஐந்நூறு ரூபாய்த் தாள்களை ஒவ்வொன்றாக எண்ணி அதில் வைத்தேன்.