கரடிக்கு ஆயத்தமாகப் போனவன்

வயிறு முன்னாலும் நான் பின்னாலுமாக நடந்துகொண்டிருந்த ஒரு கோடையில், மௌண்டன் பைக்கைக் காரின் பின்னால் கட்டிக்கொண்டு தனியாகக் கடற்கரையோரம் ஒரு வாரம் போகப்போகிறேன் என்று வீட்டில் அறிவித்தேன். எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. வீடு கியூபெக்கில், நோத்ர-டாம்-த-கிரேஸில் மூன்றாம் மாடி. மனைவி இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

“தனியவோ?”

“ஓம்.”

“ஏன், உங்களோட ஒருத்தரும் வரமாட்டினமாமோ?”

ஒருத்தரும் வரமாட்டார்கள் என்பதுதான் உண்மை. எனக்கு இந்த ஆசையை ஊட்டியவன் வேலையிடத்துக் கிடங்கில் என்னோடு பெட்டி அடுக்கும் ஒரு கியூபெக்காரன். ஒவ்வொரு கோடையும் எங்கள் நகரத்து ஆற்றின் தென்கரை வழியே கிழக்கே போய், ஆறு கடலாகிற இடத்தில், மலைப்பாதைகளில் சைக்கிள் ஓடிவிட்டு நண்டு மாதிரிச் சிவந்து திரும்புவான். எங்கள் ஆட்களைக் கேட்டுப் பார்த்தேன். ஞாயிற்றுப் பூசை முடிந்து மாதா கோவில் வாசலில் ஒருவர் சொன்ன பதிலோடு அந்த முயற்சி முடிந்தது: “சைக்கிள் ஓடிக் களைச்சுத்தானே அண்ணை நாங்கள் இஞ்ச வந்தனாங்கள்.”

மனைவி ஒரே ஒரு நிபந்தனையோடு விட்டாள். ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஆறு மணிக்குப் போன் எடுக்க வேண்டும். ஆறு என்றால் ஆறு. அந்தக் கரையில் செல்போன் பிடிக்காது என்று கேள்விப்பட்டு, தொலைபேசி அட்டைகள் இரண்டைத் தந்தாள்.

அந்த நிபந்தனைக்குப் பின்னால் ஒரு கதை இருந்தது. ஊரில் யுத்தத்தில் இடம்பெயர்ந்து ஒரு தேவாலய மண்டபத்தில் இருந்த காலத்தில், பொழுதுபட முன் வந்துவிடுவேன் என்று சொல்லி, மா வாங்கச் சைக்கிளில் போனேன். சண்டை வந்து பாதையை மூடிவிட்டார்கள். திரும்பிவர மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் அவள் மண்டபத்து வாசற்படியை விட்டு எழும்பவில்லை என்று மற்றவர்கள் சொன்னார்கள். அவள் அதைப் பற்றி இன்றுவரை கதைத்ததில்லை. ஆகவே ஆறு மணி என்றபோது நான் பகிடி விடவில்லை. நான் பகிடி விடாத விஷயங்கள் மிகக் குறைவு.

புறப்படும்போது சைக்கிளின் கைப்பிடியில் ஒரு செபமாலையைச் சுற்றிக் கட்டினாள்.

“கரடி வந்தா இதைக் காட்டட்டோ?”

“கரடி வந்தா நீங்கள் கத்திற கத்தில அது ஓடியிடும்.”

கரடிதான் என் பெரிய கவலை. கரடிக்கு மணி, விசில், முகத்தில் அடிக்கும் மிளகாய்த் தண்ணி என்று மூன்றும் இடுப்பில் தொங்கின. சத்தம் கேட்டால் கரடி விலகிப் போகுமாம். அதனால் பாதை நெடுகத் தவக்காலப் பாட்டுகளைப் பெரிதாகப் பாடினேன். முதல் இரண்டு நாளும் ஒரு கரடியையும் காணவில்லை. என் குரலைக் கேட்டவர்களுக்கு அதில் ஆச்சரியம் இராது. இரண்டு நாளும் ஆறு மணிக்குக் கால்மணி நேரம் முன்பே மோட்டல் வாசலிலிருந்த போன் பெட்டிக்குள் நின்றேன். வேறு யாராவது பிடித்துவிடுவார்களோ என்ற பயம்.

மூன்றாம் நாள் நாலரை மணி. கீழே கடல், மேலே ஊசியிலை மரங்கள், நடுவில் நானும் சிலுவைப்பாதைப் பாட்டும். இறக்கத்தில் போய்க்கொண்டிருந்தபோது மரங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு ஹெலிகொப்டர் தாழப் பதிந்து வந்தது.

விஷயம் மூளைக்குப் போய்ச் சேர முன்னரே உடம்பு முடிவெடுத்துவிட்டது. நான் பிரேக் பிடிக்கவில்லை. அப்படியே சைக்கிளை விட்டுவிட்டுப் பாதையோரப் பள்ளத்துக்குள் பாய்ந்தேன். குப்புறப் படுத்து, முழங்கைகளை ஊன்றி, நெஞ்சு நிலத்தில் படாமல், காதைப் பொத்தி, வாயைத் திறந்து வைத்திருந்தேன். ஊரில் குண்டுவீச்சுக்குப் பழகியதில் ஒன்றும் தவறவில்லை. பள்ளத்தில் சேறு இருந்தது. வாய் திறந்திருந்ததால் அதுவும் உள்ளே வந்தது.

எவ்வளவு நேரம் கிடந்தேன் என்று தெரியாது. தலையைத் தூக்கியபோது கண்முன்னே இரண்டு ரப்பர் சப்பாத்துகள். அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி. கையில் காட்டில் ஆய்ந்த பெரிப்பழ வாளி. பக்கத்து ரோட்டில் அவருடைய பிக்கப் வண்டி நின்றது. மாரடைப்பு என்று நினைத்துவிட்டார். நெஞ்சைத் தொட்டுக் காட்டிக் கேட்டார். என் பிரெஞ்சு, பெட்டியைத் தூக்கு, பெட்டியை வை என்ற அளவுக்கு மேல் வளராதது. நான் வானத்தைக் காட்டினேன். அவர் சிரித்து, கடலைக் காட்டி, கைகளை அகல விரித்து, பிறகு விரல்விட்டு எண்ணிக் காட்டினார். திமிங்கிலங்களை எண்ணுகிறார்களாம்.

வெட்கப்பட்டு முடிக்கும் முன் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஐந்து நாற்பது. ஒரு மணி நேரத்துக்கு மேல் பள்ளத்தில் கிடந்திருக்கிறேன். சைக்கிளின் முன்சில்லு பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. மோட்டலுக்கு இருபது கிலோமீட்டர். கரடிக்கும் ஹெலிக்கும் அடித்த நெஞ்செல்லாம் வெறும் ஒத்திகை என்று அப்போதுதான் தெரிந்தது. “மா ஃபாம், சிஸ் எர்” என்றேன். என் மனைவி, ஆறு மணி. அவ்வளவுதான் சொல்ல வந்தது. அந்தப் பெண்மணி என் முகத்தைப் பார்த்தார், கைப்பிடியிலிருந்த செபமாலையைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் சைக்கிளைத் தூக்கி வண்டியில் போட்டார்.

முன்னால், படுக்கையும் அடுப்பும் உள்ள விடுமுறைக்காரரின் வீட்டு வண்டி ஒன்று ஊர்ந்து ஊர்ந்து போனது. நான் கால்களால் பிரேக்கும் அக்சிலேட்டரும் மாறி மாறி மிதித்தேன், பயணியின் இருக்கையிலிருந்து. போன் பெட்டிக்குள் நுழைந்தபோது ஆறு இருபது. சேற்று விரல்களால் அட்டை இலக்கத்தை இரண்டு முறை பிழையாக அழுத்தினேன்.

முதல் மணி முழுதாக அடிக்கவில்லை.

“சொல்லுங்கோ.”

“சில்லில காத்துப் போயிட்டுது, அதுதான் பிந்தினது. தம்பிக்குப் போன் ஏதும் அடிச்சனீரோ?” தம்பி என்றது ஆற்றுக்கு அக்கரையில் புரோசார்டில் இருக்கும் அவளுடைய தம்பியை.

“ஒருத்தருக்கும் அடிக்கேல்லை. நீங்கள் எடுக்கேக்க லைன் பிசியா இருந்தா?”

அதற்குப் பிறகு பொய்யைத் தொடர முடியவில்லை.

“இஞ்சேர், ஹெலி ஒண்டு வந்தது. நான் பாதையோரக் கானுக்குள்ள விழுந்து படுத்திட்டன்.”

சிரிப்பாள் என்று இடம்விட்டுக் காத்திருந்தேன். அவளோ மிக மெல்லிய குரலில் கேட்டாள்.

“போயிட்டுதோ?”

“போயிட்டுது. திமிங்கிலம் எண்ண வந்ததாம்.”

“வாயைத் திறந்து வச்சிருந்தனீங்களோ?”

“ஓம். அரைக்கிலோ சேறும் போயிட்டுது.”

இப்போது சிரித்தாள். சிரித்து ஓய்ந்து, சாதாரணமாகச் சொன்னாள்: “காலமை ரோட்டு நெரிசல் பாக்க ஒரு ஹெலி வரும். நீங்கள் வேலைக்குப் போயிடுவியள். நான் அடுப்பை நிப்பாட்டிப்போட்டு குளிக்கிற தொட்டிக்குள்ள போய்ப் படுத்திருப்பன்.”

“எப்ப தொட்டு?”

“வந்த நாள் தொட்டு.”

ஒன்பது வருடம். அந்தத் தொட்டிக்குள் ஒரு சின்னத் தலையணை எப்போதும் கிடக்கும். ஈரமாகிறது, பூஞ்சணம் பிடிக்கிறது என்று நான் எத்தனையோ தரம் புறுபுறுத்து எடுத்து வெளியே போட்டிருக்கிறேன். அடுத்த நாள் அது திரும்பவும் உள்ளே இருக்கும்.

“நாளைக்கே வெளிக்கிட்டு வாறன்” என்றேன்.

“வேண்டாம். ஆசைப்பட்டுப் போனனீங்கள். ஓடி முடிச்சிட்டு வாங்கோ.”

“ஹெலி எத்தினை மணிக்கு வாறது?”

“எட்டு, எட்டேகால்.”

வெளியே அந்தப் பெண்மணி வண்டியில் சாய்ந்தபடி காத்திருந்தார். நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். கை நிறையப் பெரிப்பழம் தந்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் போன் பெட்டிக்குள் நின்றேன். அவள் கோட்லெஸ் போனோடு தொட்டிக்குள் இருந்தாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் எதிரொலித்தது. தலையணை இருக்கிறதோ என்று கேட்டேன். இருக்கிறதாம். சில்லு நிமிர்த்துகிறவன் பத்து மணிக்குத்தான் கடை திறப்பான் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் இடைமறித்தாள்.

“வந்திட்டுது.”

போனைக் காதோடு அழுத்தினேன். போன் வழியே எனக்கும் மெல்லக் கேட்டது. கொஞ்ச நேரம் விட்டு, “போயிட்டுதோ?” என்றேன்.

“பொறுங்கோ” என்றாள்.

பொறுத்துக்கொண்டு நின்றேன்.