ராணியின் கொண்டை

ஒக்கலிபுரம் பாஞ்சாலி ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்கிறவள். கட்டியவன் விட்டுப்போன அன்று, மாமியார் தன் கழுத்திலிருந்து கழற்றி இவளுக்குப் போட்ட பொற்காசு ஒன்று உண்டு. விக்டோரியா ராணி காசு. அதைச் சிவாஜிநகரில் பழங்காசு மதிப்பிடும் வீணாவிடம் காட்டினாள்.

வீணா லென்ஸ் வைத்துப் பார்த்தாள். “பின்பக்கம் எழுத்தெல்லாம் தெளிவா இருக்குக்கா. ராணி முகம்தான் தேஞ்சுபோச்சு, கொண்டை மட்டும் தெரியுது. கயித்துல கோக்க வளையம் வேற பத்த வெச்சிருக்காங்க. தரம் ரொம்பக் கம்மி.”

“கம்மியா?” பாஞ்சாலிக்குக் கோபம் வந்துவிட்டது. “வெள்ளைக்காரி மூஞ்சி எதுக்கு வெளியேன்னு, எங்கத்தை ஆயுசு பூரா உள்பக்கமாத் திருப்பியே போட்டிருந்தாங்க. அவங்க நெஞ்சுல பட்டுத் தேஞ்சதும்மா அது!”

காசை வாங்கிக் கயிற்றில் கோத்து, ராணியை உள்பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

“கொண்டை என் பங்குக்குத் தேயட்டும்.”