மஞ்சள் அம்பு போட்டவள்

எங்கள் வனப்பூங்காவின் வாசலில் டிக்கெட் கிழிப்பது என் வேலை. வாயைத் திறந்தால் குறைதான் சொல்வேன் என்று வருகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்ட நானே குறை சொல்லாத ஒரே ஆள் பெயின்ட்டம்மா. நகரத்து ஓரத்தில் எங்கள் வாசலில் தொடங்கி ஏரிக்கரையில் முடியும் ஏழு கிலோமீட்டர் நடைபாதையில், மரத்துக்கு மரம் மஞ்சள் அம்பு போட்டவள் அவள்தான். கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்ச் சேரலாம் என்று பீற்றிக்கொள்வாள். பீற்றிக்கொள்ளட்டும், வேலை அவ்வளவு சுத்தம்.

அவளுடைய மாமியாருக்குச் சர்க்கரை. தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். மாமியார் பதினோரு வருடங்களில் மருமகள் சொன்ன எதையும் காதில் போட்டுக்கொண்டவர் இல்லை. கெஞ்சிக் கூத்தாடித்தான் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு வாசலில் கொண்டுவந்து விட்டாள். முதல் கிலோமீட்டர் கல் வரை போய்த் திரும்பினால் போதும் என்று ஏற்பாடு. இன்சுலின் ஊசி போட்டாகிவிட்டது, வந்ததும் சாப்பாடு.

"அம்பு இருக்கிற பக்கம் மட்டும் போங்க, அத்தை. அம்பு இல்லைன்னா ஒரு அடிகூட வைக்காதீங்க" என்றாள். மாமியார் என்னைப் பார்த்து, இவள் என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறாள் என்றார். நானும் சிரித்துக்கொண்டே டிக்கெட்டைக் கிழித்தேன்.

எட்டு மணிக்கு அவர் வரவில்லை. எட்டரைக்கும் வரவில்லை. பெயின்ட்டம்மா முதல் கல் வரை ஓடிப் போய்விட்டுத் தனியாகத் திரும்பினாள். உள்ளே போனால் போனும் எடுக்காது. காவலர்கள் இரண்டு பேர், ஒருவர் பள்ளத்துப் பக்கமும் ஒருவர் பழைய விறகுப் பாதையிலும் தேடப் போனார்கள். சாப்பிடாமல் இருந்தால் பத்து மணிக்குள் அத்தை மயங்கிவிடுவார் என்று அவள் சொன்னாள். ஒன்பதரைக்குக் காவலர்கள் வெறுங்கையோடு வந்தார்கள்.

பெயின்ட்டம்மா மறுபடி உள்ளே போனாள். நானும் கவுன்ட்டரைப் பூட்டிவிட்டுப் பின்னாலேயே போனேன். முதல் கல்லைத் தொட்டுவிட்டு, மாமியார் எப்படித் திரும்பியிருப்பாரோ அதைப் போலவே வாசல் பக்கம் திரும்பி நின்றாள். அப்படியே உறைந்துபோனாள்.

எதிரே பாதை இரண்டாகப் பிரிந்தது. வரும்போது விறகுப் பாதை பின்னாலிருந்து வந்து சேர்வதால் யாருக்கும் அது தெரிவதில்லை. அங்கே நின்று பார்த்தால் இரண்டு பக்கமும் எந்த மரத்திலும் அம்பு தெரியவில்லை. அவள் வாசலிலிருந்து ஏரி வரை போட்டுக்கொண்டே போனவள்; அம்பெல்லாம் மரங்களில் வாசலைப் பார்த்த பக்கத்தில் மட்டும்தான். அப்போது தினமும் சாயங்காலம் ஜீப் வந்து ஏற்றிக்கொள்ளும். இன்று காலை பதற்றத்தில் ஓடித் திரும்பியதைத் தவிர, ஒரு நாளும் இந்தப் பாதையில் திரும்பி நடந்ததில்லை. நடக்கிறவர்களும் ஏரிக்கரையிலேயே பஸ் ஏறிப் போய்விடுவார்கள். ஆறு மாதமாக இது யார் கண்ணிலும் படவில்லை, என் கண்ணிலும்தான்.

"அத்தை திரும்பி வரல. அம்பைப் பாத்து முன்னாடி போயிட்டாங்க" என்றாள்.

"உங்க பேச்சை அவங்க என்னைக்குக் கேட்டிருக்காங்க?"

"இதை மட்டும் கேட்டிருப்பாங்க. காடுன்னா அவங்களுக்குப் பயம். வெளிய காட்டிக்க மாட்டாங்க."

ஏரிக்கரை வாசலில் ஆள் கிடையாது. என் ஸ்கூட்டரில் மெயின் ரோட்டைச் சுற்றிப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தே கால். அங்கிருந்து பாதையில் எதிர்ப்பக்கமாக ஓடினோம். ஆறாவது கல் தாண்டி மறுபடி ஒரு பிரிவு. அம்பு போட்டவளுக்கே எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. மரம் மரமாகச் சுற்றிப் போய் அந்தப் பக்கத்தில் தன் அம்பைத் தேடினாள். நான்காவது மரத்தில் கிடைத்தது. எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது, அதே அளவுக்குப் பாவமாகவும் இருந்தது.

ஐந்தாவது கல்லில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் மாமியார். புடவை வியர்வையில் நனைந்திருந்தது, கண் செருகியிருந்தது. பெயின்ட்டம்மா தன் பையில் இருந்த சர்க்கரையை எடுத்து அவர் கன்னத்துக்குள் தடவினாள். கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கினார். கால் மணி நேரம் கழித்துத்தான் எங்களை யார் என்று தெரிந்தது.

"அம்பு எல்லாம் அழகாத்தான் போட்டிருக்கே" என்றார் மெதுவாக. "வீட்டுக்கு வர்றதுக்குத்தான் ஒண்ணையும் காணோம்."

பெயின்ட்டம்மா அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். கிளம்பும்போது நான் சொல்லிவைத்திருந்த ஜீப் வரும்வரை மாமியார் அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

அடுத்த வாரம் டப்பாவும் பிரஷ்ஷுமாக ஏரிக்கரையிலிருந்து தொடங்கினாள். ஜீப் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நான்கு நாட்கள் ஆனது. கடைசி நாள் மாமியார் கையில் சாப்பாட்டு டப்பாவோடு முதல் கல் வரை போனார். வாசல் பக்கம் திரும்பி வரும்போது, ஒவ்வொரு மரமாக நின்று பார்த்து "தெரியுது" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர் சொன்ன பிறகுதான் பெயின்ட்டம்மா அடுத்த மரத்துக்கு நகர்ந்தாள்.